வெள்ளியும் கரியும்

இருட்டறையில் சிவப்பு விளக்கின்கீழ்ப் பிறந்த நிழற்படமே உயிருடையது, இங்க்ஜெட் பொறி மை தெளித்துத் தரும் கறுப்பு வெள்ளைப் படம் வெறும் நகல் என்று வழக்காடுவோர் உளர். கலைஞர்க்கு அது சுவை பற்றிய வழக்கு. நமக்கு அவ்வளவில் முடிவதில்லை. கம்பம்மெட்டு ஏறி ஆனைக்கரை, வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்குப் பிழைக்க வந்த நம்மவர் பட்டயமோ கல்வெட்டோ விட்டுச் சென்றாரல்லர். பல இல்லங்களில் பாட்டனாருக்கு எஞ்சிய சான்று ஒரே ஒரு ஸ்டூடியோப் படந்தான். அதை நேர்மையாக மறுபடி அச்சிடுவது எங்ஙனம்?

பழைய முறையின் பெருமை மெய்யே. பாட்டனாரின் முகத்தில் பட்ட ஒளி நெகட்டிவைத் தொட்டது. நெகட்டிவின் வழியே புகுந்த ஒளி புரோமைடு தாளின் வெள்ளி உப்பைத் தொட்டது. ஆயினும் நெகட்டிவின் மேலேயே பென்சில் தீட்டி முகச் சுருக்கங்களை மறைத்த ஸ்டூடியோக்காரர் எத்துணைப் பேர்! பொய்யைப் புதிய பொறியின் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று.

அறம் அலசும் தொட்டியில் இருந்தது என்பேன். படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவைத் தடித்த தாளிலிருந்து நீக்க, ஒரு மணி நேரம் வரையிலும் ஓடும் நீரில் அலச வேண்டும். 10 நிமிடத்தில் எடுத்துவிட்டாலும் அன்றைக்குப் படம் அழகாகவே தோன்றும். எஞ்சிய ஹைப்போ பல்லாண்டு கழித்தே வெள்ளியை அரித்து முகத்தைப் பழுப்பாக்கும். அப்போது கேட்பதற்கு, அலசாமல் விட்டவரும் இரார், கூலி கொடுத்தவரும் இரார்.

இன்றைய பொறியிலும் இதே சோதனைதான். மலிவான சாய மை வெயில்படும் சுவரில் வெளிறும். நிறமி மையின் கரி எளிதில் வெளிறாது. ஓலைச்சுவடியில் எழுத்துத் துலங்க நம் முன்னோர் தடவிய விளக்குக் கரிக்கு அது உறவு. இதில் எனக்கொரு தனி மகிழ்ச்சி.

உதகையில் 1960இல் நிறுவப்பெற்று, 'இந்து' என்னும் பெயரில் படச்சுருளும் தாளும் தந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடுண்டுவிட்டது. மூணாற்றையடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்து, 70 உயிர்களோடு லயங்களையும் விழுங்கியது. அத்தகைய வீட்டுச் சுவரில் தொங்கிய படத்துக்கு, உறவினர் கைப்பேசியில் பிடித்து வைத்த பிரதியும் இங்க்ஜெட்டுமே கதி. அதை நகலென்று இகழ எனக்கு மனம் வாராது.

ஒன்றை மட்டும் ஏற்கேன். கரையான் தின்ற இடத்தில் கணினி தானே வரைந்து பொருத்தும் கண் பாட்டனாருடையதன்று. பேரனுக்கு அது தெரியவும் தெரியாது. அவ்விடத்தை வெற்றாகவே விட்டு அச்சிடும்படிதான் கடைக்காரரைக் கேட்டுக்கொள்வேன்.