தொங்கும் சக்கரம்

நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கிளம்பும் லாரியின் ஓடும் சக்கரங்களை எல்லாரும் பார்ப்பார்கள்; கம்பியால் தட்டியாவது பார்ப்பார்கள். சேஸிஸுக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. ஓடாத டயருக்கு என்ன ஆகப்போகிறது என்ற நினைப்புதான்.

ஆகும். 100 பவுண்டுக்கு மேல் அடைத்த காற்று, வால்வு வழியாகவும் ரப்பரின் ஊடாகவும் மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். வெயிலும் மழையும் பட்டு ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பட்டன் தேயாமல் இருப்பதாலேயே அது புது டயர் ஆகிவிடாது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் வயதைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

ஆனால் நடுவழியில் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் காற்று அல்ல, ஸ்டெப்னியை இறக்க முடியாமல் போவதுதான். சேறு படிந்து அதைத் தாங்கும் சங்கிலி துருப்பிடிக்கும், நட்டு இறுகிவிடும். தொப்பூர் இறக்கத்தில், நடு இரவில், பின்னால் வண்டிகள் சீறிக்கொண்டு வர, வண்டிக்கு அடியில் படுத்து அந்த நட்டோடு மல்லுக்கட்டுவதை எந்த ஓட்டுநரும் விரும்பமாட்டார். ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வரும்!

ஷெட்டில் நிற்கும் ஒரு பகலில் ஸ்டெப்னியைத் தரை வரை இறக்கிப் பாருங்கள். சங்கிலிக்குக் கிரீஸ் பூசி, வால்வு கைக்கு எட்டும்படி திருப்பி மாட்டினால், அடுத்த முறை காற்று பார்க்க மண்ணில் உருள வேண்டியதில்லை.