கத்தியில் தெரியும் நிய்யத்து



எல்லாம் வல்ல அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது ஸலவாத்து மொழிந்து, இம்மாத உரையைத் தொடங்குகிறோம்.

தொழுகையைப் பற்றியும் நோன்பைப் பற்றியும் பன்முறை பேசியிருக்கிறோம். இம்முறை நாம் பிழைப்பு நடத்தும் இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் உணவுக்கடையும் மளிகைக்கடையும் பட்டறையும், ஏன், இந்தச் சங்கமுமே, நமக்குப் பின்னும் நிலைத்து நிற்குமா? நிற்க வேண்டுமானால் அதற்கு வழி யாது?

எந்த அமலும் நிய்யத்தைக் கொண்டே எடைபோடப்படும் என்பது சிறு வயதிலேயே நாம் கற்ற பாடம். தனி மனிதனுக்கு நிய்யத்து உண்டு. அதுபோலவே ஒரு கடைக்கும் ஒரு சங்கத்துக்கும் நிய்யத்து உண்டு. இதைத்தான் இக்காலத்துக் கம்பெனிகள் ‘எங்கள் நோக்கம்’ என்று எழுதிச் சட்டம் போட்டு மாட்டி வைக்கின்றன. ஆனால் சகோதரர்களே, சுவரில் தொங்குவது நிய்யத்து ஆகிவிடாது. கையில் தெரிவதே நிய்யத்து!

இதை விளக்க வெகு தூரம் போக வேண்டாம். சுங்கை சிப்புட்டில் வளர்ந்த நமக்குப் பால்மரமே போதிய ஆசான். பால் வெட்டுகிறவர் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தில் காயம் பட்டால், அவ்விடத்தில் பட்டை சரியாக வளராது, முடிச்சு விழும். அளவோடு வெட்டி ஓய்வும் கொடுத்தால் அம்மரம் இருபது ஆண்டுக்கு மேலும் பால் கொடுக்கும். நாளையே தோட்டத்தை விற்கப் போகிறவனுக்கு அந்தக் கவலை ஏது? இன்றைக்கு எவ்வளவு பால் என்பதே அவன் கணக்கு. மரம் ஒன்றுதான், கத்தியும் ஒன்றுதான். வேறுபடுவது நிய்யத்து!

1950-களில் இந்நாட்டில் அப்படி ஒரு காலம் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்களில் பலர், நிலத்தைத் துண்டு போட்டு விற்று இலாபம் காண வந்தவர்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பெயர். வேலை போயிற்று; வேலையோடு லயத்து வீடும் போயிற்று. தோட்டத்து மக்களின் சம்பள நாளை நம்பிக் கடை வைத்திருந்தவர்களின் பிழைப்பும் ஆட்டம் கண்டது.

அப்பொழுது, இதே சுங்கை சிப்புட்டில் பிறந்து, இத்தொகுதியின் பிரதிநிதியாகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைத் திரட்டினார். 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தொழிலாளிகள் மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்திப் பங்குதாரர் ஆயினர். அடுத்த ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. எல்லாத் தோட்டங்களையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை. எனினும், தொழிலாளி வாழும் மண் அவன் கையை விட்டுப் போகலாகாது என்ற நிய்யத்து, மாதந்தோறும் 10 வெள்ளி என்ற வழக்கமாக மாறியதால்தான் அது செயலாயிற்று. 1979-இல் துன் அவர்கள் மறைந்த பின்னும் சங்கம் நிலைத்து நிற்கிறது. நல்லதைச் செய்தவர் எச்சமயத்தவராயினும் அவரிடம் பாடம் கற்பதில் நமக்குக் கூச்சம் வேண்டியதில்லை.

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒலுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு உணர்த்தியதாக ஓதி வருகிறோம். அவர்கள் ஒலுச் செய்த தண்ணீரோ ஒரு லிட்டருக்கும் குறைவு! இந்த ஹதீஸைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே ஒலுச் செய்கிறவர்கள் யார்? நாம்தாம்.

சென்ற மீலாது விருந்தில், வீண்விரயம் ஷைத்தானின் வழி என்று மேடையில் பேசினோம். விருந்து முடிந்ததும் சோறும் கறியும் பிளாஸ்டிக் தட்டுகளும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போயின. பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினோம். மறுவாரம் மழை பெய்தபொழுது அடைபட்ட சாக்கடை நம் வாசலிலேயே பொங்கிற்று. அள்ளிச் சுத்தம் செய்தவர்கள் பேசிய நாமல்ல, நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகள். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

அப்பிள்ளைகளும் அமானத்து அல்லவா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கவும், சக்திக்கு மீறிய வேலை சுமத்தாதிருக்கவும், சுமத்தினால் கூடச் சேர்ந்து கை கொடுக்கவும் நாம் ஏவப்பட்டிருக்கிறோம். வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று இந்நாட்டுச் சட்டம் 2023-இல்தான் வரம்பு கட்டியது. நம் மார்க்கமோ பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே மனச்சாட்சியில் வரம்பு கட்டிவிட்டது. களைத்த கை அடுப்பை அணைக்க மறக்கும், குழாயை மூட மறக்கும். ஆளைப் பேணாமல் பொருளைப் பேண முடியாது.

ஆதலால் நாம் செய்ய வேண்டியது என்ன? கடையின் நிய்யத்தை ஒரே வரியில் எழுதுங்கள். சுவரில் அல்ல, கணக்குப் புத்தகத்தின் முதற்பக்கத்தில். மாதந்தோறும் கணக்கு முடிக்கும்பொழுது தண்ணீர்ச் செலவு, மின்சாரச் செலவு, வீணான சோறு, தாமதமான சம்பளம் ஆகியவற்றையும் வரவு செலவோடு எழுதிப் பாருங்கள். எது எங்கே வீணாகிறது என்று கோப்பை கழுவும் பையனைக் கேளுங்கள். முதலாளிக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியும். பழைய எண்ணெயைத் தகரத்தில் சேர்த்து வாங்குவோரிடம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சொட்டும் குழாயை முதலாளியே எழுந்து போய் மூடட்டும். நூறு முறை ஏவுவதைவிட அதை ஒரு முறை பார்ப்பதே வேலையாட்களுக்குப் பாடம். அடுத்த விருந்திலிருந்து நம் சங்கமும் கழுவிப் புழங்கும் தட்டுகளையே வைக்கும். கழுவும் முறை நிர்வாகிகளிடமிருந்து தொடங்கும்.

கியாமத்து நாள் வந்துவிட்டதென்று தெரிந்தாலும், கையிலிருக்கும் கன்றை நட்டுவிட முடிந்தால் நடுமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அதன் கனியை உண்ணப்போவது யார் என்று கேட்கும்படி நமக்குச் சொல்லப்படவில்லை.

நம் கத்தி ஆழமாக இறங்காமல் அல்லாஹ் காப்பானாக! நமக்குப் பின் வருவோருக்கும் இம்மரம் பால் சுரக்க அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.