உதங்கர் கேட்ட கேள்வி

போர் முடிந்து, தர்மபுத்திரர் ராஜ்யத்தையும் ஏற்றுக்கொண்டாயிற்று. கண்ணன் துவாரகைக்குத் திரும்புகிறான். வழியில் பாலைவனம். அங்கே தவத்தில் இருந்த உதங்க முனிவர் எதிர்ப்பட்டு, குசலம் விசாரிக்கிறார். இரண்டு பக்கத்தாரையும் சமாதானம் செய்து வைத்தாயா, எல்லாரும் சௌக்கியந்தானே என்கிறார். பாவம், 18 அக்குரோணி சேனை அழிந்த செய்தி அந்த மணல்காட்டை எட்டவே இல்லை!

கண்ணன் நடந்ததைச் சொன்னதும் முனிவருக்கு வந்ததே கோபம். உன்னால் தடுக்க முடியும், பலவந்தமாகவாவது தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. ஆகையால் சபிக்கிறேன் பார் என்று எழுந்துவிட்டார்.

அவருக்கு முன்பே காந்தாரி இதைக் கேட்டாள். நூறு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள், கேட்டதோடு நிற்காமல் சபித்தும்விட்டாள். அவள் கேட்டதில் நியாயமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. பூபாரம் தீர்க்க வந்த அவதாரமாயிற்றே என்று ஒரே மூச்சில் இந்த இடத்தைத் தாண்டிவிடுவது நம் உபன்யாசகர்களுக்கு வழக்கம். களத்தில் கிடந்தவர்களின் மனைவிமார் முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

நீங்களும் இதைத்தான் வேறு விதமாகக் கேட்கிறீர்கள். எல்லார் உள்ளேயும் அந்தர்யாமியாய் இருப்பவன், துரியோதனன் மனத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டிருந்தால் என்ன? சூது இல்லை, சண்டை இல்லை, லோகம் முழுக்க நல்லவர்கள். அதற்கு ஈடாக நம் இஷ்டத்துக்கு நடக்கும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டால்தான் என்ன நஷ்டம்?

கண்ணன் சும்மா இருந்துவிடவில்லை. தூது போனான். கெஞ்சினான், எச்சரித்தான். கட்டிப்போட வந்தவர்கள் முன்னால் சபையிலேயே விஸ்வரூபம் காட்டினான். அத்தனையும் வெளியே நின்று செய்தவை. உள்ளே புகுந்து துரியோதனனின் தீர்மானத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

ஸ்ரீபாஷ்யத்தில் ராமானுஜர் ஒரு வழக்கு சொல்கிறார். இரண்டு பேருக்குப் பொதுவான சொத்து. ஒருவர் அதை மூன்றாமவருக்குக் கொடுக்க நினைக்கிறார். மற்றவர் சம்மதித்தால்தான் நடக்கும். சம்மதித்துவிட்டார். ஆனாலும் கொடுக்கப் புறப்பட்டவர் முதலாமவர், பலனும் அவரைத்தான் சேரும். அதுபோல முதல் முயற்சி ஜீவனுடையது. அதைப் பார்த்துப் பகவான் அனுமதி தருகிறான். அந்த முதல் அடியையும் அவனே எடுத்து வைத்துவிட்டால், இதைச் செய், அதைச் செய்யாதே என்று சாஸ்திரம் யாரைப் பார்த்துப் பேசும்?

அப்படியானால் சம்மதித்தவனுக்குப் பங்கு இல்லையா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காந்தாரியின் சாபத்தைக் கண்ணன் புன்சிரிப்போடு வாங்கிக்கொண்டானே, அது அந்தப் பங்குக்காகத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வித்வான்கள் ஒப்பமாட்டார்கள்.

உதங்கரிடம் வருவோம். கண்ணன் அவர் கோபத்தை ஆற்றி, விஸ்வரூபம் காட்டி, என்ன வரம் வேண்டும் என்கிறான். பாலைவனத்து மனிதர், வேறென்ன கேட்பார்? தாகம் எடுத்தால் தண்ணீர் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு ஒருநாள் தொண்டை வறண்டு கண்ணனை நினைக்கிறார். எதிரே ஒரு வேடன் வருகிறான். உடம்பில் துணியில்லை, மேலெல்லாம் சேறு, கையில் வில், சுற்றிலும் நாய்கள். இந்தாருங்கள், குடியுங்கள் என்கிறான். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வியாசர் எழுதியிருப்பதைச் சபையில் சொல்ல முடியாது; தோல்பை என்றே வைத்துக்கொள்வோம். தீண்டத்தகாதவன் என்று உதங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் விடாமல் சொல்லிப் பார்த்தான். இவர் சீறினார். வேடனும் நாய்களும் மறைந்தார்கள்.

அப்புறம் கண்ணன் வந்து சொன்னான்: வந்தவன் இந்திரன், கொண்டுவந்தது அமிர்தம்.

பலவந்தமாகவாவது செய்திருக்க வேண்டும் என்று சபிக்க எழுந்தாரே, அதே முனிவர்தான். அன்று அவர் வாயைப் பிளந்து ஊற்றியிருந்தால் சாவில்லாமல் இருந்திருப்பார். ஆளைப் பார்த்து முகம் திருப்பும் புத்தியும் அவரோடு சாவில்லாமல் இருந்திருக்கும். கண்ணன் அவர் மறுத்ததை மறுத்ததாகவே விட்டான். தாகத்தோடு விட்டுவிடவும் இல்லை. நீர் வேண்டும் நாளில் இங்கே மேகம் கூடி மழை பெய்யும் என்று வரம் தந்தான். அந்த மேகத்துக்கு உதங்க மேகம் என்றே பெயர்.

நாளை ஜய விஜயர்கள் கதை. குறையே இல்லாத வைகுண்டத்தின் வாசலில் நின்றவர்கள் சனகாதி முனிவர்களை மறித்துச் சாபம் வாங்கியது எப்படி என்று பார்ப்போம்.