தராசுக்கு முத்திரையா, வாய்க்குப் பூட்டா?

கல்முனைச் சந்தையில் அரிசி நிறுக்கும் சிறு வியாபாரியின் தராசைக்கூட அரசாங்கம் சோதித்து முத்திரையிடுகின்றது. அது அவரது சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்று எவரும் முறையிடுவதில்லை. அவ்வாறாயின், கோடானுகோடி மக்களுக்குச் செய்தியை அளந்து கொடுக்கும் பேஸ்புக் போன்ற பெருநிறுவனங்களின் தராசைச் சோதிப்பவர் யார்?

இது நமக்கு ஏட்டுக் கேள்வியன்று. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் புரளி கிளம்பிற்று. சிங்களம் சரிவரப் புரியாத கடைக்காரரை மிரட்டிப் பெற்ற ‘ஒப்புதல்’ பேஸ்புக்கில் காணொளியாகப் பரவிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் இருந்தது வெறும் மாவுக்கட்டியே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பின்னர் கூறியது. மார்ச் மாதத் தொடக்கத்தில் திகனயிலும் வன்முறை மூண்டது. அப்பொழுதுதான் விழித்த அரசாங்கம், சமூக ஊடகங்களை ஒரு வாரமளவு முடக்கிற்று.

கோபம் மனிதனைத் திரைமுன் கட்டிவைக்கும். கட்டுண்ட கண்கள் விளம்பரக்காரருக்கு விலையாகும். இதுவே அந்த வியாபாரத்தின் சூத்திரம். இலாபத்தைக் கணக்கிட்ட நிறுவனம், சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பைப் படித்து நீக்கப் போதிய ஆட்களை வைத்திருக்கவில்லை.

2020 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது. அதே மாதத்தில் தமிழ்க் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், தம் கவிதை நூலின் பேரில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நிறுவனத்துக்கு ஒரு வருத்தச் சொல் போதுமாயிற்று. கவிஞருக்கோ ஒன்றரை ஆண்டுக்கு மேற்பட்ட சிறை!

ஆகவே, “அரசாங்கம் கட்டுப்படுத்தட்டும்” என்று சொல்லிவிட்டு நாம் உறங்க முடியாது. 2024 சனவரியில் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை சனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அது தராசை விட்டுவிட்டு, சந்தைக்கு வந்தவரின் வாயைப் பூட்டும் முயற்சியாகும். மறுபுறம், அரசாங்கத்துக்கு அஞ்சி நிறுவனங்களைத் தட்டிக்கேட்காது விடுவதும் நியாயமாகாது. கடையை இழந்தவருக்கு அந்தச் சுதந்திரம் யாது பயன் தந்தது?

ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் இயற்றிய சட்டம், பெருநிறுவனங்கள் தம்மால் சமுதாயத்துக்கு விளையும் தீங்கை ஆராய்ந்து, வெளியார் தணிக்கைக்கும் உட்பட வேண்டும் என விதிக்கின்றது. நாமும் கேட்க வேண்டியது அதுவே: எதை, ஏன் பரப்புகின்றன என்பதை அவை வெளியிடட்டும், நம் மொழிகளை அறிந்தோரைப் போதியளவு நியமிக்கட்டும், தீங்குக்கு நட்டஈடு செலுத்தட்டும். இவற்றைக் கண்காணிப்போர் அமைச்சருக்கன்றி, நீதிமன்றத்துக்கும் மக்களுக்கும் பதில் சொல்லட்டும்.

தராசுக்கு முத்திரை வேண்டும். அந்த முத்திரை ஆள்வோரின் சட்டைப்பைக்குள் இருத்தலாகாது.