புள்ளி மறைந்த பிறகு

புதிதாக வந்த பவுடர் ப்ளூ டேங் தனித்தொட்டியில் இருக்கிறது. கறுத்த முகம், வெள்ளைக் கழுத்து, முதுகு நெடுக மஞ்சள் துடுப்பு. மாலத்தீவு, இலங்கைப் பக்கத்துப் பவளத்திட்டுகளில் பாசி மேய்ந்து திரியும் மீன். இங்கே மணல் கிடையாது, பாறை கிடையாது. ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர், அவ்வளவுதான். பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் பவள மணலும் பாறையும் சுண்ணாம்பு. மருந்தாகப் போடும் செம்பை அவை உறிஞ்சிவிடும்.

*

வாலடியில் உப்புத்தூள் ஒட்டினாற்போல் வெண்புள்ளிகள். கிரிப்டோகாரியான் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. தோலின் மேல்படலத்துக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் தின்னும். பிறகு தானே கழன்று, தொட்டியின் அடியில் ஒட்டி, கூடு கட்டிக்கொண்டு உள்ளேயே பல நூறாகப் பிரியும். கூடு திறந்து நீந்திவரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லையேல் சாகும். செம்பு கொல்வது இந்தக் குஞ்சுகளை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது.

*

புள்ளிகள் போய்விட்டன. மீன் பளபளக்கிறது. பெரிய தொட்டிக்கு மாற்றிவிடலாமே என்று மனம் பரபரக்கும் நேரம் இதுதான். ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கியிருக்கிறது, தொட்டியை விட்டுப் போகவில்லை. கூட்டுக்குள் அது 72 நாள் வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு உண்டு, ஆனால் அவ்வளவு நீள்வது அரிது. அதனால் செம்பின் அளவைக் குறையவிடாமல் 30 நாள் வைத்திருப்பது வழக்கம்.

லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு அயனி. குறைந்தால் பலனில்லை, கூடினால் மீனுக்கே நஞ்சு. அளந்து பார்க்காமல் ஒரு சொட்டும் விடக்கூடாது. பவளம், இறால், நத்தை உள்ள தொட்டியில் இதை நினைத்தே பார்க்கக்கூடாது.

*

விடிந்ததும் தொட்டி முன் உட்கார்ந்து செவுள்மூடி அசைவதை எண்ணுகிறேன். உடம்பில் ஒன்றும் தெரியாமல் செவுளுக்குள் மட்டும் நோய் இருக்கலாம். மூச்சு வேகம்தான் காட்டிக்கொடுக்கும். எண்ண எண்ண நம் மூச்சும் மெல்ல நிதானப்படுகிறது. இன்று கிளிப்பில் மாட்டிய நோரி என்னும் உலர்ந்த கடற்பாசித் துண்டை மீன் முதலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. பிறகு ஓரத்தில் ஒரு கடி. தலையை வெடுக்கென்று ஆட்டி இழுத்துக் கிழித்துக்கொண்டு குழாய்க்குள் ஓடியது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்தது. சாப்பிடத் தொடங்கிய மீன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

*

சின்னத் தொட்டியில் நோயைவிட வேகமாகக் கொல்வது அம்மோனியா. அதைக் கட்டுப்படுத்தும் மருந்துகளில் பல, செம்போடு சேர்ந்தால் ஆபத்து. தண்ணீர் மாற்றுவதே வழி. புதுத் தண்ணீரிலும் அதே அளவு செம்பு, அதே உப்பு.

*

டேங் மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிபட்டவை. பிடித்தவர், ஏற்றியவர், விற்றவர் என்று பல கை மாறி, பட்டினியோடு வருகின்றன. ஒரு மாதத் தனிமையும் கவனிப்பும் நாம் அவற்றுக்குச் செய்யும் தயவு அல்ல, பட்ட கடன்.

மீன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தனித்தொட்டியை முதலில் ஓடவிடுங்கள். ஸ்பாஞ்சில் நல்ல பாக்டீரியா பிடிக்கட்டும். அதன் பிறகு கடைக்குப் போங்கள்.