யாருடைய பிள்ளைக்குக் கைத்தொழில்?

திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு வாயிலில் நிற்கும் இராசகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்டது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, தஞ்சை நாயக்கர் காலத்தில் நிறைவுற்றது என்பது வரலாறு. மன்னர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். கருங்கல்லைப் பிளந்தவர், செங்கல்லைச் சாரத்தின் வழியே மேலேற்றியவர், தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் நமக்குத் தெரியா. கையால் உழைத்தவரை மறப்பது உலகெங்கும் உள்ள வழக்கந்தான். ஆயினும் அவ்வழக்கம் நம் சிற்றூர்களின் உயர்நிலைப் பள்ளிகளிலும் குடிகொண்டிருப்பதைக் காணும்போது, சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

பாடவேளைப் பட்டியலில் உடற்கல்வி உண்டு; ஓவியமும் கைத்தொழிலும்கூட உண்டு. ஆனால் பத்தாம் வகுப்பை நெருங்க நெருங்க, கணக்கு ஆசிரியர் அந்த வேளையைக் கடனாகக் கேட்பார்; அறிவியல் ஆசிரியர் அடுத்த வாரத்து வேளையைக் கேட்பார். இவ்வாறு வாங்கப்பட்ட கடன் திருப்பிச் செலுத்தப்பட்டதாக நாம் இதுவரை கேள்வியுற்றதில்லை. ஆசிரியரை மட்டும் குறை கூறுவது முறையன்று. மதிப்பெண்ணை மட்டுமே கேட்கும் பெற்றோர் அவர் பின்னால் நிற்கிறோம். அரசின் கணக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது. 2012-ஆம் ஆண்டு தமிழக அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை, தோட்டக்கலை முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு அன்று குறிக்கப்பட்ட மாத ஊதியம் 5,000 ரூபாய். தொகை பின்னர் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டது. எனினும் கைக்கும் மெய்க்கும் நம் சமூகம் எழுதிய விலைச்சீட்டாகவே அந்த எண்ணை நாம் பார்க்கிறோம்.

மனிதன் என்பவன் உடலுக்குள் சிறைப்பட்ட ஆன்மா என்று கருதிய பழங்கிரேக்க அறிஞர் உண்டு. திருச்சபை அவ்வழியில் செல்லவில்லை. 1312-இல் பிரான்சு நாட்டு வியன் நகரில் நிறைவுற்ற பொதுச்சங்கம், ஆன்மா தன் இயல்பிலேயே உடலோடு ஒன்றித்து அதனை உருப்படுத்துவது என்று வரையறுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கையும், பிள்ளைகளின் உடல், ஒழுக்கம், அறிவு ஆகிய மூன்றும் இசைந்து வளர வேண்டும் என்றே தொடங்குகிறது. நம் ஆண்டவர் தச்சர் என்று ஊராரால் அறியப்பட்டவர். திருத்தூதர் பவுல் கூடாரத் தொழிலாளி. இவையெல்லாம் நாம் மறையுரைகளில் பலமுறை கேட்டவையே. இவ்வளவும் நம்பும் நாம், நம் பிள்ளை தச்சுக்கூடத்துக்குச் சென்றால் ஏன் முகம் சுளிக்கிறோம்?

விடை இறையியலில் இல்லை. நம் தெருக்களில் இருக்கிறது. இம்மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்காகப் பெங்களூருக்குப் பேருந்து ஏறும் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களுள் ஒரு தந்தையிடம் கைத்தொழில் கல்வியைப் பற்றிப் பேசிப் பாருங்கள். “நான் தூக்கின சட்டியை என் மகன் தூக்கக் கூடாது, சாமி” என்பார். அவரிடம் உழைப்பின் மாண்பைப் பற்றி விளக்குவதற்கு, நிழலில் அமர்ந்து உண்ணும் நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

அவருடைய அச்சத்துக்கு வரலாறும் சான்று. 1953-இல் சென்னை மாநில முதல்வராக இருந்த இராசாசி, தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றத்தைக் கொணர்ந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறையும்; எஞ்சிய நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பழகும். இடமும் ஆசிரியரும் போதாத நிலையில் கூடுதலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதே அவர் காட்டிய காரணம். ஆனால் திட்டம் நடைமுறைக்கு வந்தது கிராமப்புறப் பள்ளிகளில். நகரத்துப் பிள்ளை முழுநேரமும் படித்தான். தந்தையின் தொழிலே மகனின் பாடம் என்றால், சாதி ஏணியின் அடிப்படியில் நிற்பவன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். தந்தை பெரியாரும் பிறரும் அதனைக் ‘குலக்கல்வி’ என்றழைத்து எதிர்த்தனர். 1954-இல் இராசாசி பதவி விலகியபின், காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே நம் கருத்து. மாணவன் தொழில் கற்பதில் தீங்கில்லை. எந்தத் தொழில் என்பதை அவன் பிறப்பு முடிவு செய்ததே தீங்கு.

காந்தியடிகள் 1937-இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வி இதனின்று வேறுபட்டது. நூற்பு, நெசவு, உழவு போன்ற ஒரு தொழிலை நடுவில் வைத்து, கணக்கும் மொழியும் சமூக அறிவும் அதன் வழியே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கப்பட வேண்டும் என்றார் அவர். அத்திட்டத்தை வகுத்த சாகிர் உசேன் குழுவில் பணியாற்றி, பின்னர் சேவாகிராமத்தில் அதனைப் பல்லாண்டுகள் நடத்தியவருள் முதன்மையானவர், யாழ்ப்பாணத் தமிழ்க் கிறித்தவரான இ. டபிள்யூ. ஆரியநாயகம். அவர் பெயரை நம் பள்ளிகளில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. (பள்ளி ஆண்டு விழாக்களில் நாம் போற்றும் பெயர்கள் வேறு.) பின்னர் வந்த கோத்தாரிக் குழு ‘பணி அனுபவம்’ என்றது, தமிழகத்தில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் தோன்றியபோது தொழிற்கல்விப் பிரிவும் உடன் தோன்றியது. ஆயின் அப்பிரிவில் சேர்ந்தோர் யாவர்? பெரும்பாலும், வேறு பிரிவில் இடம் கிடைக்காத பிள்ளைகளே.

நம் திருச்சபையின் வளாகங்களையும் பார்க்கலாம். தொன் போஸ்கோ 1853-இல் தூரின் நகரில் காலணித் தொழிலும் தையலும் கற்பிக்கும் கூடங்களை ஆதரவற்ற சிறுவர்க்காகத் திறந்தார். அவர்தம் சபையினர் 1906-இல் தஞ்சைக்கு வந்தபோது ஏற்ற முதற்பணிகளுள் அனாதைச் சிறுவர் இல்லமும் தொழிற்பயிற்சியும் அடங்கும். பசித்த சிறுவனுக்குச் சோறு தந்த பணி அது. அதனைக் குறைத்துப் பேச எவருக்கும் மனம் வராது. ஆனால் காலப்போக்கில் நம் வளாகங்கள் பலவற்றில் ஒரு சுவர் எழுந்துவிட்டது. சுவருக்கு இப்பால் கட்டணம் செலுத்தும் பிள்ளைக்கு ஆங்கிலமும் கணிப்பொறியும். அப்பால் விடுதிப் பிள்ளைக்குத் தையலும் தச்சும். கழிப்பறையைத் தூய்மை செய்ய ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் மட்டுமே ஏவப்பட்ட செய்திகளையும் நாளேடுகளில் படித்திருக்கிறோம். அதற்கும் ‘செயல்முறைக் கல்வி’ என்று எவரேனும் பெயர் சூட்டக்கூடும்.

மத்திய அரசு 2023-இல் அறிவித்த விசுவகர்மா திட்டத்தைத் தமிழக அரசு அப்படியே ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்னும் நிபந்தனை நீங்க வேண்டும் என்று 2024-இல் எழுதியதும் இந்தப் பழைய காயத்தால்தான். காயம் ஆறாதவரை கைக்கல்வி எவ்வுருவில் வந்தாலும் ஐயத்தோடே பார்க்கப்படும். அது ஆறுவதற்கு ஒரு வழியே நமக்குத் தென்படுகிறது. மருத்துவர் மகளும் கொத்தனார் மகனும் ஒரே மண்வெட்டியை மாறி மாறிப் பிடிக்க வேண்டும். இருவருக்கும் அதற்கு மதிப்பெண் இருக்க வேண்டும். மலையின் அருகில் 2009 முதல் நடந்துவரும் மருதம் பண்ணைப் பள்ளியில், உள்ளூர்ப் பிள்ளைகளும் வெளியிலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகளும் சேர்ந்து தோட்டவேலையும் கைவினையும் மரம் நடுதலும் கற்கிறார்கள். அது சிறிய பள்ளி. ஐம்பது பேர் நெருங்கி அமரும் வகுப்பறைகளுக்கு அதன் முறை அப்படியே பொருந்தாது. எனினும், ஒரே கருவி ஒரே கூடத்தில் எல்லார் கைக்கும் போவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

உடற்கல்வியில் இது இன்னும் எளிது. சென்னையில் எச். சி. பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய நாள்தொட்டு, இந்நாட்டில் பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர் உருவாகி வந்துள்ளனர். அவர்கள் கையில் உள்ள ஆற்றலை நாம் இன்னும் உணரவில்லை. சடுகுடுவை எண்ணிப் பாருங்கள். எதிரணியினனைத் தொடாமல் அதை ஆட இயலாது. பிடித்து மடக்கிப் புழுதியில் உருளாமல் வெல்ல இயலாது. தெருவில் தனித்தனியே தண்ணீர் எடுக்கும் இரு குடும்பங்களின் பிள்ளைகள் அங்கே ஒருவன் மூச்சு மற்றவன் முகத்தில் படும் அளவுக்கு நெருங்குகிறார்கள். எந்த நீதிபோதனை வகுப்பும் இதைச் செய்வதில்லை. அந்த வேளையைத்தான் நாம் இயற்கணிதத்துக்குக் கடன் கொடுக்கிறோம். பெண்பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பூப்பெய்தியபின் மைதானம் அவர்களுக்கு இல்லை என்று வீடே முடிவு செய்துவிடுகிறது.

வரும் கல்வியாண்டில், அன்பியக் கூட்டங்களிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் சில கேள்விகளை எழுப்பலாம். சென்ற ஆண்டு உடற்கல்வி வேளை எத்தனை நாள் நடந்தது? எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுள் எத்தனை பேர் விளையாடினர்? தையற்கூடமும் தச்சுக்கூடமும் விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டுமா, எல்லார்க்குமா? பாடவேளைப் பட்டியல் ஜூன் மாதத்திலேயே வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டுவிடும். கூட்டத்துக்கு வருமுன் அதனை ஒருமுறை படித்துவிட்டு வருவது நலம்.