வட்டப்பாறையும் வாரண்டும்

சின்ன வயதில் அம்மா என்னை முகத்துவாரக்குப்பத்திலிருந்து திருவொற்றியூர் கோயிலுக்கு அழைத்துப் போவாள். தியாகராஜரைக் கும்பிட்டதும் வட்டப்பாறை அம்மன் சந்நிதியில் வந்து நின்றுவிடுவாள். மதுரையை எரித்தும் கோபம் தணியாமல் கண்ணகி இங்கே வந்தாளாம். தாயம் ஆடிய சாமி காயைக் கிணற்றுக்குள் உருட்டிவிட்டாராம். அதை எடுக்க இறங்கியவளை வட்டப்பாறையால் மூடிவிட்டார்களாம். ஒற்றியூரில் சொல்லும் கதை இது. "உள்ள அவளுக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்டேன். "கும்புடுடா. கேள்வி கேக்காத" என்றாள் அம்மா.

மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். சிலப்பதிகாரத்தை எத்தனை முறை நடத்தினேன் என்று கணக்கில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. ஊர் அமைதியாக இருக்க, நியாயம் கேட்டவள்மேல் பாறையை வைத்துத்தான் ஆகவேண்டுமா?

இன்று உலகமும் இதையேதான் கேட்கிறது. 2023 மார்ச்சில் புடின்மேலும் 2024 நவம்பரில் நெதன்யாகுமேலும் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் கைது வாரண்டு பிறப்பித்தது. இதனால் போர் முடியுமா, இல்லை, இன்னும் நீளுமா? தலைவனைக் குற்றவாளி என்று எழுதிவிட்டால் அவன் யாரோடு உட்கார்ந்து பேசுவான் என்கிறது ஒரு கட்சி. எழுதாமல் விட்டால் அடுத்தவனுக்கும் துணிச்சல் வரும் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டையும் நான் ஒரே ஊர்க்கூட்டத்தில் கேட்டிருக்கிறேன்.

அம்மா பிறந்த ஊர் வடக்கே ஒரு குப்பம். ஊர்ப் பேர் வேண்டாம். நான் பத்தாவது எழுதிவிட்டு அங்கே போயிருந்த கோடையில், இறால் பாட்டுக்காக, அதாவது ஆற்றில் வலை போடும் இடத்துக்காக, பக்கத்துக் குப்பத்தோடு சண்டை மூண்டது. துடுப்பால் அடித்ததில் அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு வலது கண் போய்விட்டது. அடித்தவர்கள் இளவட்டங்கள், ஏவியவர் ஊரில் பெரிய மனிதர். அவர்மேல் வாரண்டு வந்ததும் ஆள் தலைமறைவானார். இரண்டு ஊர்ப் படகும் கரையிலேயே கிடந்தன, அடுப்பு எரியவில்லை. பஞ்சாயத்தாரில் ஒருவரான என் தாய்மாமன் சொன்னார்: "அவன் வந்து குந்தினாத்தான் பேச்சு முடியும். வாரண்டு இருக்கிற வரைக்கும் அவன் வரமாட்டான்." அவர் சொன்னதில் பொய் இல்லை. பையன்கள் அந்த ஆள் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்கமாட்டார்கள்.

எப்படியோ ராஜி பேசினார்கள். அவரும் வந்தார், தண்டம் கட்டினார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தபோது அந்தப் பையனின் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்தாள். அவன் முகத்திலிருந்த துண்டை விலக்கினாள். ஈ மொய்க்காமலிருக்க அவள் கை விசிறியபடியே இருந்தது. "நோட்டுல இன்னா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டாள். மாமா படித்தார்: இரு ஊராரும் மனமொத்து. "யாரு பேரு இருக்குது அதுல?" யாரும் வாய் திறக்கவில்லை. "காசு வேணாம் நாட்டாரே. பேர எழுதுங்க." மாமா நோட்டை மூடினார். மறுநாள் படகுகள் ஆற்றில் இறங்கின. மூன்று வருஷம் கழித்து அதே மனிதர் மறுபடியும் ஏவினார். தண்டம் கட்டினால் தீர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை ஓர் உயிர் போயிற்று.

நம் காலத்துப் பெரிய போரான ஈழப்போரிலும் வாரண்டு இருந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு போலீஸ்காரர்களும் கட்சித் தொண்டர்களும் செத்தார்கள். அந்த வழக்கில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் தேடப்படும் குற்றவாளி ஆனார். அது நியாயமான வாரண்டு. ஈழத்தின்மேல் எனக்குள்ள பாசம் அதை மறைக்காது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரலில் அவர் கிளிநொச்சியில் பத்திரிகையாளர்களைச் சந்தித்த சில நாளில், அவரைப் பிடித்து இந்தியாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அக்டோபர் 31 அன்று தாய்லாந்தில் இரண்டாம் சுற்றுப் பேச்சு தொடங்கியது. அதே நாளில் கொழும்பு உயர் நீதிமன்றம், 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்காக, ஆள் இல்லாமலே அவருக்கு 200 ஆண்டு சிறை விதித்தது. ஒரு கை பேச அழைத்தது, மறு கை விலங்கைக் காட்டியது. பேச்சு முறிந்ததற்கு அந்தத் தீர்ப்புதான் காரணம் என்று சொல்லமாட்டேன். காரணங்கள் இரு பக்கமும் குவிந்து கிடந்தன. அந்த வாரண்டுகளும் அந்தத் தண்டனையும் போரை ஒரு நாள்கூட முன்னதாக முடிக்கவில்லை என்று மட்டும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதப்பட்டது ஒரு பக்கத்துப் பேர்தான். 2009 மார்ச் 4 அன்று சூடானின் ஜனாதிபதி பஷீர்மேல் ஹேக் நீதிமன்றம் வாரண்டு போட்டது. அதே நாட்களில் முள்ளிவாய்க்காலை நோக்கி ஒதுக்கப்பட்ட சனங்கள்மேல், போர் தவிர்ப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்தில், குண்டு விழுந்துகொண்டிருந்தது. அதற்கு வாரண்டு இல்லை. அந்த நீதிமன்றத்தை உண்டாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை சேரவில்லை. அப்படிப்பட்ட நாடு தானாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அதன் வழக்கைப் பாதுகாப்புச் சபைதான் அனுப்ப முடியும், சபை அனுப்பவில்லை. 40,000 பேர்வரை செத்திருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. அரசுமேலும், சனங்களைப் போகவிடாமல் தடுத்த புலிகள்மேலும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகள் உண்டு என்று அதே அறிக்கை சொன்னது. ஒரு தரப்புத் தலைவர்கள் செத்துப்போனார்கள். மற்றத் தரப்பு 2010-லும் 2019-லும் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தது.

வாரண்டால் போர் முடியும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. உகாண்டாவின் கிளர்ச்சித் தலைவன் ஜோசப் கோனி 2005-இல் வந்த வாரண்டைக் காட்டியே 2008-இல் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தான். லைபீரியாவின் ஜனாதிபதி சார்லஸ் டெய்லர் 2003 ஜூனில் கானாவில் சமாதானப் பேச்சுக்குப் போயிருந்தபோது அவர்மேலிருந்த குற்றப்பத்திரிகை வெளியானது. கானா அவரைப் பிடிக்காமல் திருப்பி அனுப்பிவிட்டது. ஆனால் ஆகஸ்டில் பதவி போயிற்று, 2012-இல் 50 ஆண்டு சிறை. லைபீரியாவில் அந்தப் போர் அத்தோடு நின்றது. எதை உதாரணம் காட்டினாலும் எதிர் உதாரணம் கிடைக்கும்.

அப்படியானால் வாரண்டு எதற்கு? ராயபுரத்தில் என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவ நண்பர், மன்னித்துவிடுவதே பெரிது என்பார். எனக்கும் அது பெரிதுதான். ஆனால் அந்தப் பையனின் கண்ணுக்காக மாமா எப்படி மன்னிக்க முடியும்? மன்னிக்கிற உரிமை அந்தத் தாயிடம் இருந்தது, அவளையோ யாரும் கேட்கவில்லை. யாரை மன்னிப்பது என்பதற்காகவாவது நோட்டில் ஒரு பேர் வேண்டாமா? பாண்டியன் சபையில் கண்ணகிக்குக் கதவு திறந்தது, சிலம்பு உடைந்தது, சாட்சி சிதறியது. தப்பு தன்னுடையது என்று அரசன் உணர்ந்த கணத்திலேயே உயிர் விட்டான். அப்படியும் மதுரை எரிந்தது, ஏனென்றால் விசாரணை கொலைக்குப் பிறகு நடந்தது. நியாயம் தாமதமாகத்தான் வரும் என்பது இளங்கோவடிகளுக்கும் தெரிந்திருக்கிறது. தாமதமாக வந்தாலும் கதவைத் திறக்காத அரசனை அவர் நமக்குக் காட்டவில்லை.

கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து எண்ணூருக்குப் பெயின்ட் வேலைக்கு வரும் முல்லைத்தீவுக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுச் சுவருக்கும் அடித்துத் தந்தார். வட்டப்பாறைக் கதையைச் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "எங்கட வற்றாப்பளையிலும் கண்ணகிதான் சேர். மதுரையை எரிச்ச பிறகு அங்கதான் வந்தவ. வைகாசிப் பொங்கலுக்கு அவவுக்குக் கடல்தண்ணியிலதான் விளக்கு எரியும்" என்றார். அந்தக் கோயில் நந்திக்கடல் ஓரம். 2009 மே மாதம் போர் முடிந்த அதே நந்திக்கடல். அவருடைய அண்ணன் எங்கே என்று இன்றுவரை தெரியாது.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 முதல் வீதியோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். பலர் காத்திருந்தே செத்துவிட்டார்கள். அவர்கள் கேட்பதும் அந்தப் பையனின் அம்மா ஊர்க்கூட்டத்தில் கேட்டதுதான்: பேரை எழுதுங்கள்.

எழுதுகிற நோட்டில் நம் நாடும் இல்லை. ரோம் சாசனத்தில் இந்தியா சேரவில்லை. ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானத்தை 2012-லும் 2013-லும் ஆதரித்த இந்தியா, 2014-லும் 2021-லும் 2022-லும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றது. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம் இது ஏன் என்று கேளுங்கள்.